அரிப்பு, தடிப்பு வந்ததும் ‘அலர்ஜி மாத்திரை’ போடுறீங்களா? எது தூங்க வைக்கும்... எப்போ அது மட்டும் போதாது?

மத்தியானம் மீன் குழம்பு. சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, கழுத்தில் அரிக்க ஆரம்பிக்கும். சொறிந்த இடம் கொசு கடித்த மாதிரி தடிக்கும். கொஞ்ச நேரத்தில் நாலைந்து தடிப்புகள் ஒன்றாகச் சேர்ந்து வயிறு, முதுகு என்று படரும். “அலர்ஜிதான், ஒரு செட்ரிசின் போடு, சரியாயிடும்” என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார்.

பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. அதனால்தான் பாராசிட்டமால் மாதிரி இதுவும் வீட்டு மருந்து டப்பாவில் நிரந்தரமாக இடம் பிடித்துவிட்டது. சளிக்கு, தும்மலுக்கு, கொசுக்கடிக்கு, ஏன், தூக்கம் வரலைன்னாகூட இதையே எடுத்துப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு.

ஆனால் ‘அலர்ஜி மாத்திரை’ என்று பொதுவாகச் சொல்லப்படுகிற மருந்துகள் எல்லாம் ஒரே ரகம் கிடையாது. சில மாத்திரைகளைப் போட்டுவிட்டு வண்டி ஓட்டவே கூடாது. சில நேரங்களில் எந்த அலர்ஜி மாத்திரையும் உயிரைக் காப்பாற்றாது. இந்த இரண்டு விஷயங்களும் தெரிந்திருந்தால், மீதி எல்லாம் சின்ன விஷயம்தான்.

உடம்புக்குள்ள என்ன நடக்குது?

கிராமங்களில் இந்தத் தடிப்புக்கு ‘காணாக்கடி’ என்று பெயர். எது கடித்தது என்று தெரியாது, ஆனால் கடித்த மாதிரியே வீங்கும். அருமையான பெயர். உண்மையில் வெளியில் இருந்து எதுவும் கடித்திருக்க வேண்டியதில்லை. கடிப்பது உடம்புக்குள் இருக்கிற ஒரு ரசாயனம். அதன் பெயர் ஹிஸ்டமின்.

நம் தோல், மூக்கு, மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றில் ‘மாஸ்ட் செல்’ எனப்படும் செல்கள் காவல்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. இவற்றுக்குள் ஹிஸ்டமின் சின்னச் சின்னப் பொட்டலங்களாக நிரம்பியிருக்கும். உடம்பு எதிரி என்று தவறாக முடிவு கட்டி வைத்திருக்கும் ஒரு பொருள், உதாரணமாக இறால், வேர்க்கடலை, பென்சிலின், குளவி விஷம், உள்ளே வந்தால் இந்தப் பொட்டலங்கள் உடைகின்றன. வெளியே வரும் ஹிஸ்டமின் ரத்தக் குழாய்களை விரிய வைக்கும். அதனால் தோல் சிவக்கும். குழாயின் சுவரில் இடைவெளி விழுந்து நீர் கசியும். அதுதான் தடிப்பு. நரம்பு நுனிகளைச் சீண்டும். அதுதான் அரிப்பு. மூக்கில் இதே வேலை நடந்தால் தும்மலும் நீர் ஒழுகுதலும்.

ஹிஸ்டமின் உடம்பில் என்ன செய்கிறது என்பதை 1910-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஹென்றி டேல், பேட்ரிக் லெய்ட்லா இருவரும் ஆராய்ந்து எழுதினார்கள். அதைத் தடுக்கும் முதல் வேதிப்பொருளை 1937-ல் பாரிஸில் கண்டுபிடித்தவர் டேனியல் போவே. 1957-ல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று ரெண்டு, மூணு ரூபாய்க்கு வாங்குகிற மாத்திரைக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது? செல்களின் மேல் ‘எச்1’ என்ற ஏற்பி இருக்கிறது. அதைப் பூட்டு என்றால், ஹிஸ்டமின்தான் சாவி. ஆன்டிஹிஸ்டமின் மருந்து முதலிலேயே போய் அந்தப் பூட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும். சாவி வந்தாலும் நுழைய இடம் இருக்காது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: மருந்து ஹிஸ்டமினை அழிப்பதில்லை, அது வெளியே வருவதற்கான காரணத்தையும் நீக்குவதில்லை. ஏற்கெனவே வீங்கிவிட்ட தடிப்பு வடிய அதற்கான நேரம் எடுக்கும். புதுசாகக் கிளம்புவதைத்தான் மாத்திரை நன்றாகத் தடுக்கும். ‘போட்டு பத்து நிமிஷம் ஆச்சு, இன்னும் போகலையே’ என்று இன்னொன்றைப் போடுவதில் அர்த்தமில்லை. செட்ரிசின் மாதிரியான மருந்து வேலையைக் காட்டவே சுமார் ஒரு மணி நேரம் ஆகும். அதன் பலன் ஒரு நாள் முழுக்க நிற்கும்.

தூங்க வைக்கும் மாத்திரை எது?

ஆன்டிஹிஸ்டமின்களில் இரண்டு தலைமுறை உண்டு.

முதல் தலைமுறையில் நமக்கு ரொம்பப் பழக்கமான பெயர் அவில். அதிலிருக்கும் மருந்து பெனிரமைன். ‘சி.பி.எம்.’ என்று அழைக்கப்படும் குளோர்பெனிரமைன், ஹைட்ராக்சிசின், ப்ரோமெதசின் ஆகியவையும் இந்த வகைதான். இவை ரத்தத்தில் இருந்து மூளைக்குள் சுலபமாகப் புகுந்துவிடும். மூளையில் ஹிஸ்டமினுக்கு வேறு வேலை: நம்மை விழிப்பாக வைத்திருப்பது. அங்கேயும் போய் பூட்டை அடைத்தால் தூக்கம் சொக்கும்.

‘நல்லா தூக்கம் வருது, அப்போ மருந்து நல்லா வேலை செய்யுது’ என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. அது தவறு. தூக்கம் வருவதற்கும் தடிப்பு அடங்குவதற்கும் சம்பந்தமே இல்லை. தூக்கம் பக்கவிளைவு, அவ்வளவுதான்.

இரண்டாம் தலைமுறை மருந்துகள் மூளைக்குள் அதிகம் போகாதபடி வடிவமைக்கப்பட்டவை. செட்ரிசின், லெவோசெட்ரிசின், லோரடடின், பெக்ஸோபெனடின், பிலாஸ்டின் எல்லாம் இந்தப் பட்டியல். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு செட்ரிசின் 10 மில்லிகிராம், லெவோசெட்ரிசின் 5 மில்லிகிராம், நாளைக்கு ஒரு முறை. படை படையாகத் தடித்திருந்தாலும் கணக்கு அதேதான். டாக்டர் சொல்லாமல் கூட்டக் கூடாது.

‘செட்ரிசின் போட்டாலும் எனக்கு தூக்கம் வருதே’ என்பவர்கள் பொய் சொல்லவில்லை. புதிய தலைமுறையிலேயே கொஞ்சம் தூக்கம் தரக்கூடியவை செட்ரிசினும் லெவோசெட்ரிசினும்தான். பெக்ஸோபெனடினில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

பெக்ஸோபெனடின் பிறந்த கதை சுவாரசியமானது. 1980-களில் டெர்பெனடின் என்ற மருந்து ‘தூக்கம் வராத அலர்ஜி மாத்திரை’ என்று உலகம் முழுக்க பிரபலமானது. பிறகுதான் தெரிந்தது, சில பூஞ்சை மருந்துகளோடும் எரித்ரோமைசின் மாதிரியான ஆன்டிபயாட்டிக்குகளோடும் சேர்த்து எடுத்தால் இதயத் துடிப்பு ஆபத்தான முறையில் தாறுமாறாகிறது என்று. 1990-களின் கடைசியில் அமெரிக்க சந்தையில் இருந்தே அது வெளியேறியது. ஆராய்ந்து பார்த்தால், டெர்பெனடினைக் கல்லீரல் உடைத்து உருவாக்கும் வேறொரு பொருள்தான் அலர்ஜியைத் தடுக்கிறது, அது இதயத்தையும் தொந்தரவு செய்வதில்லை. அந்தப் பொருளையே நேரடியாக மாத்திரையாக்கினார்கள். அதுதான் பெக்ஸோபெனடின்.

அதில் ஒரு சின்ன வீட்டுக் குறிப்பு: பெக்ஸோபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினால் உடம்பு அதை சரியாக உறிஞ்சாது. தண்ணீரே போதும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ஆன்டாசிட் மருந்தையும் இதையும் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது.

வண்டி ஓட்டுறவங்க கவனிங்க

பழைய தலைமுறை மாத்திரையை ராத்திரி போட்டால் காலையில் தெளிந்துவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படித் தெளிவதில்லை. குளோர்பெனிரமைன் பெரியவர்களின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகலாம். ராத்திரி பத்து மணிக்குப் போட்ட மாத்திரை காலை ஷிப்டில் பஸ் எடுக்கும்போதும் ரத்தத்தில் இருக்கும்.

இதைவிட மோசமான விஷயம், தூக்கம் வருகிற உணர்வே இல்லாமலும் கவனம் குறையும் என்பது. ‘எனக்கு ஒண்ணும் பண்ணல, நான் நல்லாத்தானே இருக்கேன்’ என்பவருக்கும் பிரேக் பிடிக்க வேண்டிய நொடியில் கை, கால் தாமதமாகும். லாரி, ஆட்டோ ஓட்டுபவர்கள், லேத் பட்டறையில் நிற்பவர்கள், உயரத்தில் ஏறி பெயின்ட் அடிப்பவர்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் இது பொருந்தும். கூட மது சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு சிக்கல், இந்த மருந்து ‘அலர்ஜி மாத்திரை’ என்ற பெயரில் மட்டும் வருவதில்லை. ஜலதோஷத்துக்கு வாங்குகிற மாத்திரைகளிலும் இருமல் சிரப்களிலும் பாராசிட்டமாலோடு குளோர்பெனிரமைனோ செட்ரிசினோ கலந்தே இருக்கும். காலையில் சளிக்கு ஒன்று, ராத்திரி அரிப்புக்கு ஒன்று என்று போட்டால், தெரியாமலேயே ஒரே வகை மருந்து இரண்டு மடங்கு உள்ளே போகும். அட்டையைத் திருப்பி சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படிப்பது ஒன்றுதான் வழி. பக்கத்தில் இருப்பவரிடம் “வண்டி ஓட்டணும், தூக்கம் வராத மாத்திரையா குடுங்க” என்று மருந்துக் கடையில் கேட்பதிலும் தவறில்லை.

எப்போ மாத்திரையை நம்பி உட்காரக் கூடாது?

இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் எல்லோரும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

தடிப்பும் அரிப்பும் தோலோடு நிற்கிற வரை பயமில்லை. அதனோடு மூச்சு வாங்குதல், இழுப்பு, தொண்டை அடைக்கிற மாதிரி இருத்தல், குரல் கரகரத்தல், நாக்கு வீங்குதல், தலை சுற்றி மயக்கம் வருதல், விடாமல் வாந்தி எடுத்தல் இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அது ‘அனாபிலாக்சிஸ்’ என்ற தீவிர ஒவ்வாமையாக இருக்கலாம். நிமிடங்களில் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகக்கூடிய நிலை. சிலருக்குத் தோலில் தடிப்பே இல்லாமல்கூட இது வரும்.

வயல் வேலையில், தென்னை, பனை ஏறும்போது, கதண்டு கூட்டைக் கலைத்துவிட்டு கடி வாங்கியவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். குளவி, தேனீ கடித்து முன்பு ஒருமுறை உடம்பெல்லாம் தடித்தவர், அடுத்த முறை இன்னும் கடுமையாகப் பாதிக்கப்படலாம். ஊசி, ஆன்டிபயாட்டிக், வலி மாத்திரை, கடல் உணவு, கடலை வகை ஆகியவையும் வழக்கமான காரணங்கள்.

இந்த நேரத்தில் உயிரைக் காக்கும் மருந்து ஒன்றே ஒன்று: அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில் ஊசியாகப் போடுவார்கள். அது சுருங்கிய மூச்சுக்குழாயைத் திறக்கும், விரிந்து தளர்ந்த ரத்தக் குழாய்களை இறுக்கி ரத்த அழுத்தத்தைத் தூக்கும். ஆன்டிஹிஸ்டமின் இந்த இரண்டையும் செய்யாது. அரிப்பை மட்டும்தான் குறைக்கும். காரணம் எளிது. அனாபிலாக்சிஸில் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினோடு நிற்காமல் வேறு பல ரசாயனங்களையும் கொட்டுகின்றன. ஒரு பூட்டை மட்டும் அடைத்து என்ன பயன்?

அதனால் ‘ஒரு மாத்திரை போட்டுட்டு கொஞ்ச நேரம் பார்ப்போம்’ என்று காத்திருப்பதுதான் இங்கே மிகப் பெரிய ஆபத்து. உடனே 108-ஐ அழைக்க வேண்டும், அல்லது அட்ரினலின் போடக்கூடிய பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதுவரை நோயாளியைப் படுக்க வைத்து காலை உயர்த்தி வைக்கலாம். மூச்சுத் திணறல் இருந்தால் சாய்ந்து உட்காரலாம். ஆனால் எழுந்து நிற்கவோ, நடத்திக் கூட்டிப்போகவோ கூடாது. ரத்த அழுத்தம் குறைந்திருக்கும் நேரத்தில் திடீரென்று எழுந்து நின்றதாலேயே சரிந்து விழுந்தவர்கள் உண்டு. ஊசி போட்டு சரியானதும் உடனே வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. சிலருக்கு சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்பவும் வரும். டாக்டர் ‘இருங்க’ என்று சொல்வது அதற்காகத்தான்.

இன்னொரு வகை வீக்கமும் உண்டு. அரிப்பும் இல்லாமல், தடிப்பும் இல்லாமல் உதடு, நாக்கு, முகம் மட்டும் வீங்கும். ரத்த அழுத்தத்துக்காக எனலாபிரில், ராமிபிரில் போன்ற மருந்து எடுப்பவர்களில் சிலருக்கு, மருந்து ஆரம்பித்துப் பல மாதங்கள் கழித்துக்கூட இது வரலாம். அதற்குக் காரணம் ஹிஸ்டமின் இல்லை, வேறொரு ரசாயனம். அலர்ஜி மாத்திரை எத்தனை போட்டாலும் கேட்காது. நேராக ஆஸ்பத்திரிதான்.

மீன் ஒத்துக்கலையா... இல்ல, மீனே சரியில்லையா?

ஆரம்பத்தில் பார்த்த மீன் குழம்புக்கு வருவோம். ‘எனக்கு மீன் அலர்ஜி’ என்று சொல்லி வருஷக்கணக்கில் மீனையே ஒதுக்கிவிட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு அலர்ஜியே இல்லாமல் இருக்கலாம்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மாதிரியான மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயற்கையாகவே அதிகம். பிடித்த மீனை உடனே ஐஸில் போடாமல் வெயிலில் வைத்துவிட்டால், பாக்டீரியாக்கள் அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதாவது உடம்பு ஹிஸ்டமினை உற்பத்தி செய்யவே வேண்டாம், மீனே தட்டில் கொண்டு வந்து தருகிறது. முகம் குப்பென்று சிவக்கும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும், தோல் தடிக்கும், சிலருக்கு வயிற்றுப்போக்கும் ஆகும். வாயில் மிளகு கடித்த மாதிரி ஒரு காரம் சிலருக்குத் தெரியும்.

கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வைத்தாலும், பொரித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மீனின் நிறமும் வாடையும் நன்றாகவே இருக்கலாம் என்பதுதான் இதில் சங்கடம். எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது? அதே மீனைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் அதே மாதிரி ஆனதா என்று பாருங்கள். ஆனால் மீன்மேல் சந்தேகம். இதே வகை மீனை இதற்கு முன் எத்தனையோ தடவை பிரச்சனை இல்லாமல் சாப்பிட்டிருந்தாலும் இதை யோசிக்கலாம். இந்த வகை பாதிப்புக்கு ஆன்டிஹிஸ்டமின் நன்றாகவே கேட்கும். மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் மட்டும் மேலே சொன்ன விதிதான், ஆஸ்பத்திரி.

அரிக்கிறதெல்லாம் அலர்ஜி இல்லை

தொடை இடுக்கில் வட்டமாக, ஓரம் மட்டும் சிவந்து அரித்தால் அது படர்தாமரை. பூஞ்சைத் தொற்று. விரல் இடுக்கில் அரித்து, ராத்திரி அதிகமாகி, வீட்டில் மற்றவர்களுக்கும் பரவினால் அது சிரங்காக இருக்கலாம். சின்னப் பூச்சியின் வேலை. இரண்டுக்கும் செட்ரிசின் போட்டால் அரிப்பு கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கும், நோய் உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். ஹேர் டை போட்ட இரண்டாம் நாள் காதோரம் கொப்பளித்து வீங்குவது, பார்த்தீனியம் செடி பட்டு கை, கழுத்து கருத்து தடிப்பது ஆகியவை அலர்ஜிதான் என்றாலும், ஹிஸ்டமின் வழியாக வருவதில்லை. மாத்திரையால் பெரிய பலன் இருக்காது. காரணத்தை விலக்கி, டாக்டர் தரும் களிம்பைப் பூச வேண்டும்.

உண்மையான காணாக்கடியைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு தடிப்பைச் சுற்றி பேனாவால் கோடு போட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தடிப்பு 24 மணி நேரத்துக்குள் தடயம் இல்லாமல் மறைந்து, வேறு இடத்தில் புதுசாக வந்தால் அது காணாக்கடி. ஒரே இடத்தில் ஒரு நாளுக்கு மேல் நின்று, அரிப்பைவிட வலியும் எரிச்சலும் அதிகமாகி, மறைந்த பிறகு கருந்தழும்பு விட்டால் அது ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். தோல் டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம் அது.

ஆறு வாரம் தாண்டியும் தினமும் வருதா?

ஆறு வாரத்துக்கு மேல் அடிக்கடி வந்துகொண்டே இருந்தால் அது நாள்பட்ட காணாக்கடி. இங்கேதான் பலர் சாப்பாட்டுப் பட்டியலைக் கையில் எடுக்கிறார்கள். முதலில் கத்திரிக்காய் போகும், அப்புறம் கருவாடு, முட்டை, தக்காளி... கடைசியில் தயிர் சாதம் மட்டும் மிஞ்சும். தடிப்பு மட்டும் போகாது. நாள்பட்ட காணாக்கடிக்கு உணவு அலர்ஜி காரணமாக இருப்பது மிகவும் அபூர்வம். பலருக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தியே மாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுவதால் வருகிறது. தைராய்டு கோளாறோடு சேர்ந்து வருவதும் உண்டு. ஒதுக்க வேண்டியது கத்திரிக்காயை அல்ல, கை, கால் வலிக்குப் போடும் மாத்திரையைத்தான். ஐபுப்ரோபென், டைக்ளோபெனாக், ஆஸ்பிரின் ஆகியவை பலருக்குக் காணாக்கடியைக் கிளறிவிடும். அதற்காக இதயத்துக்கு டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

நாள்பட்ட காணாக்கடிக்கு மாத்திரை எடுக்கும் முறையும் வேறு. அரித்தால் மட்டும் போடுவது என்றில்லாமல், தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். பூட்டு எப்போதும் அடைபட்டே இருக்க வேண்டும் அல்லவா? வழக்கமான அளவில் கேட்காவிட்டால், இரண்டாம் தலைமுறை மருந்தை நான்கு மடங்கு வரை கூட்ட சர்வதேச வழிகாட்டுதல்கள் இடம் தருகின்றன. படித்துவிட்டு வீட்டிலேயே நாலு மாத்திரை போடுவதற்காக இது சொல்லப்படவில்லை. சிறுநீரகம், இதயம், மற்ற மருந்துகள் எல்லாம் பார்த்து டாக்டர் முடிவு செய்வது. அதற்கும் அடங்காதவர்களுக்கு ஓமலிசுமாப் என்ற ஊசி இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு சில ஆண்டுகளில் இது தானாகவே ஓய்ந்துவிடும் என்பது கொஞ்சம் ஆறுதல்.

அதற்குள் பொறுமை இழந்து மெடிக்கலில் “அரிப்புக்கு ஒரு செட் குடுங்க” என்று கேட்டு வாங்கும் பழக்கம் பெரிய வினையில் விடும். பொட்டலத்தில் கட்டித் தரும் பெயர் தெரியாத மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன், பெட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு இருந்தால், அன்றைக்கே தடிப்பு மாயமாகும். நிறுத்தினால் திரும்ப வரும். திரும்ப ஒரு செட். மாதக்கணக்கில் இப்படி ஓடினால் முகம் உப்பும், சுகர் ஏறும், எலும்பு தேயும். அட்டையோடு, பெயர் தெரிகிற மாதிரி வாங்குவதுதான் பாதுகாப்பு.

மூக்கு ஒழுகலுக்கும் தும்மலுக்கும் பல இடங்களில் மான்டெலுகாஸ்ட்டும் லெவோசெட்ரிசினும் கலந்த மாத்திரை எழுதப்படுகிறது. இதில் மான்டெலுகாஸ்ட் ஆன்டிஹிஸ்டமின் கிடையாது. மனநிலை மாற்றம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் வரை ஏற்படலாம் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எப்.டி.ஏ. 2020-ல் இதற்குக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. அதைப் போட ஆரம்பித்த பிறகு பிள்ளைகளின் நடவடிக்கையில் மாற்றம் தெரிந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். மூக்கடைப்புதான் முக்கியத் தொல்லை என்றால், மாத்திரையைவிட மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே நன்றாகக் கேட்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அலர்ஜி மாத்திரை போடுறோமே என்று இன்ஹேலரை நிறுத்தக் கூடாது.

குழந்தைக்கும் தாத்தா பாட்டிக்கும் அதே மாத்திரையா?

குளோர்பெனிரமைனும் பினைல்எப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் இந்திய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு உத்தரவிட்டது. வீட்டில் பழைய சிரப் பாட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பஸ் பயணத்தில் குழந்தை அழாமல் தூங்கட்டும் என்று அலர்ஜி சிரப் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம், மூச்சே மட்டுப்படும் ஆபத்து உண்டு. ‘பிள்ளைக்கு பசியே எடுக்கல’ என்று வாங்கும் சிரப்பில் இருக்கும் சைப்ரோஹெப்டடினும் பழைய ஆன்டிஹிஸ்டமின்தான் என்பது பலருக்குத் தெரியாது.

வயதானவர்களுக்கு முதல் தலைமுறை மருந்துகள் வேறு விதமாகத் தொல்லை தரும். குழப்பமாகப் பேசுவார்கள், மலச்சிக்கல் ஆகும், ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது தடுமாறி விழுவார்கள். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்கு சிறுநீர் அடைத்தே போகலாம். சில வகை கண் அழுத்த நோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு செட்ரிசின், லெவோசெட்ரிசின் அளவைக் குறைத்தே தர வேண்டும். கர்ப்பிணிகளுக்கு லோரடடின், செட்ரிசின் போன்றவற்றை டாக்டர்கள் பயன்படுத்துவது உண்டு, ஆனால் தாமாகவே போட்டுக்கொள்ளக் கூடாது. பாலூட்டும் தாய் அவில் மாதிரி மருந்து போட்டால் குழந்தைக்கும் தூக்கம் வரலாம்.

பல மாசமா போட்டுட்டு திடீர்னு நிறுத்தினா?

செட்ரிசின் அல்லது லெவோசெட்ரிசினை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தினமும் எடுத்தவர்களில் சிலருக்கு, நிறுத்திய சில நாட்களில் உடம்பெல்லாம் கடுமையாக அரிப்பதாக எப்.டி.ஏ. 2025 மே மாதம் எச்சரித்தது. அந்த அமைப்பு கணக்கில் எடுத்தது 209 பேரின் அனுபவம். உலகம் முழுக்க இந்த மருந்தை எடுப்பவர்களோடு ஒப்பிட்டால் இது மிகவும் அபூர்வம். ஆனால் இப்படி அரிக்கும்போது ‘பழைய அலர்ஜி திரும்பிடுச்சு’ என்று நினைத்து ஆயுசுக்கும் மாத்திரையைத் தொடர்பவர்கள் இருக்கலாம். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு மருந்தைத் திரும்ப ஆரம்பித்ததும் அரிப்பு நின்றது, அதன் பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்த முடிந்தவர்களும் உண்டு. நாளுக்கு நாள் எப்படிக் குறைப்பது என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். எப்போதாவது தடிப்புக்கு ஒன்று, இரண்டு நாள் போட்டவர்கள் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட்டுக்குப் போவதாக இருந்தால், பெரும்பாலும் ஒரு வாரம் முன்பே ஆன்டிஹிஸ்டமினை நிறுத்தச் சொல்வார்கள். இல்லையென்றால் அலர்ஜி இருந்தாலும் டெஸ்ட்டில் தடிப்பு வராது, செலவுதான் மிச்சம். சாதாரணமாக டாக்டரைப் பார்க்கப் போகும்போதும் ஒரு சிக்கல் உண்டு: வீட்டில் ராத்திரி பூராவும் படுத்திய தடிப்பு, காலையில் கிளினிக் வாசலில் காணாமல் போயிருக்கும். அதனால் தடிப்பு இருக்கும்போதே செல்போனில் நல்ல வெளிச்சத்தில் இரண்டு மூன்று படம் எடுத்து வையுங்கள். அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதையும் அந்தப் போனிலேயே குறித்துக்கொண்டு போனால், டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.